கதைமாந்தர் பேசட்டும்

கதை எழுதத் தொடங்கும் இளைஞருக்கு முதலில் கைவருவது வருணனை. கடற்கரை, நிலவு, தென்னஞ்சோலை என்னும் மூன்றும் கிடைத்துவிட்டால் இரண்டு பக்கங்கள் தாமாகவே நிரம்பிவிடும். கடைசியாகக் கைவருவது உரையாடல். வருணனையிலே எழுத்தாளன் தன் குரலில் பேசுகிறான். உரையாடலிலோ தன் குரலை அடக்கிக்கொண்டு பிறர் குரலுக்கு இடம்விட வேண்டியவனாகிறான். பிறரைப் பேசவிட்டுத் தான் கேட்டிருப்பது வாழ்க்கையிலேயே எளிய காரியமன்று. எழுத்தில் அது எவ்வாறு எளிதாகும்?

கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் எனக்கு, மாணவர் எழுதும் சிறுகதைகளை ஆண்டுதோறும் படிக்கும் வாய்ப்புக் கிடைக்கிறது. ஆண்டு மலருக்கென்றும் தமிழ்மொழித் தினப் போட்டிக்கென்றும் அவை வந்து குவியும். கற்பனைக்கு அவற்றில் குறைவில்லை; கண்ணீருக்கோ கணக்கேயில்லை. ஆயினும் அக்கதைகளில் வாழும் மனிதர் வாய் திறந்ததும் என் மனம் சோர்ந்துவிடும். தொழில் தேடிக் கொழும்புக்குப் புறப்படும் ஓர் இளைஞன் தன் தாயிடம் இவ்வாறு பேசுவான்:

“அன்னையே! நமது குடும்பத்தின் வறுமையைப் போக்கும் பொருட்டு நான் நாளைக் காலை கொழும்பு நகருக்குச் செல்லத் தீர்மானித்துள்ளேன்.”

“மகனே! உன் தந்தை இறந்த பின்னர் உன்னையே நம்பி வாழும் என்னைத் தனியே விட்டுச் செல்கிறாயே! என் கதி யாது?”

இவ்வுரையாடலில் இலக்கணப் பிழை ஒன்றேனும் இல்லை. ஆனால், இந்தத் தாயையும் மகனையும் எந்த வீட்டிலும் காண முடியாது. தந்தை இறந்த செய்தி மகனுக்குத் தெரியாததன்று. வாசகனுக்குத் தெரியட்டும் என்பதற்காகவே பாவம், அந்தத் தாய் அதனைச் சொல்ல வைக்கப்படுகிறாள். அவள் மகனோடு பேசவில்லை. மகனுடைய தோளுக்கு மேலாக நம்மைப் பார்த்துப் பேசுகிறாள். உரையாடல் பொய்யாகும் இடம் இதுவே. இதே காட்சியை வேறு வகையாக எழுதிப் பார்க்கலாம்.

“அம்மா, நாளைக்குக் காலையில போறன்.”

“இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொள்.”

“போதும்.”

“அங்க கடைச் சோறுதானே.” சட்டியைச் சுரண்டி, இருந்த குழம்பையெல்லாம் அவன் கோப்பையில் ஊற்றினாள். “எத்தனை மணிக்கு பஸ்?”

இங்கே தாய் தன் கதியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. குழம்புச் சட்டி காலியாகிவிட்டது, அவ்வளவுதான். நாளைக்கு அந்த அடுப்பு யாருக்காக எரியும் என்ற வினா வாசகன் உள்ளத்தில் எழுமாயின், கதாசிரியன் தன் கடமையைச் செய்துவிட்டான் எனலாம்.

பழந்தமிழர் கண்ட இலக்கணம்

உரையாடல் மேனாட்டு நாவலிலிருந்து நமக்கு வந்த புதுச்சரக்கு என்று எண்ணுவோர் உளர். நம்முடைய சங்க இலக்கியத்து அகப்பாட்டுகளைச் சிறிது நினைத்துப் பார்த்தால் அவ்வெண்ணம் மறைந்துவிடும். அகப்பாட்டிலே புலவன் தன் வாயால் எதனையும் கூறுவதில்லை. தலைவி கூற்று, தோழி கூற்று, தலைவன் கூற்று, செவிலி கூற்று என்று ஒவ்வொரு பாட்டும் யாரோ ஒருவர் யாரோ ஒருவருக்குச் சொல்வதாகவே அமைந்திருக்கும். ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய நம் கவிதை மரபின் ஒரு பெரும்பகுதி வெறும் பேச்சுத்தான்!

இப்பேச்சுக்கு இலக்கணமும் கண்டார் தொல்காப்பியர். செய்யுளியலிலே அவர் வகுத்த 34 உறுப்புகளைப் பரீட்சைக்காக மனனம் செய்துவிட்டு மறந்துவிடுவது நம் வழக்கம். அவற்றுள் ஆறனை மட்டும் கதை எழுதும் மாணவர் தம் மேசைமேல் எழுதி வைத்துக்கொள்ள வேண்டுமென்பது என் விருப்பம். கூற்று, கேட்போர், களன், காலம், எச்சம், முன்னம் என்பனவே அவை.

பேசுபவர் யார் என்பது கூற்று. யாரிடம் பேசுகிறார் என்பது கேட்போர். இடம் களன், பொழுது காலம். இந்நான்கும் மாறினால் பேச்சும் மாறியே தீரும். கடன் கேட்கச் சென்ற ஒருவன் கடைக்காரரிடம் பேசும் பேச்சு வேறு; கடன் கிடைக்காமல் திரும்பிவந்து மனைவியிடம் பேசும் பேச்சு வேறு; அன்றிரவு தனியே இருந்து முணுமுணுக்கும் பேச்சு வேறு. மனிதன் ஒருவனே, குரல்கள் மூன்று. நம் இளைஞர் கதைகளில் கதாநாயகன் எல்லாரிடமும் ஒரே மொழியிலே பேசுவதற்குக் காரணம், ‘கேட்போர்’ என்னும் உறுப்பை அவர்கள் மறந்துவிடுவதே.

எச்சம் என்பது சொல்லாமல் விடப்பட்டது. சொல்லாலோ குறிப்பாலோ கேட்பவர் நிரப்பிக்கொள்ள வேண்டியது. மேற்காட்டிய தாயின் பேச்சில் எஞ்சி நிற்பதே அக்காட்சியின் உயிர். முன்னம் என்பது, இவ்விடத்தில் இவருக்கு இதனை இவர் சொல்லத் தகும் என்று கேட்பவர் உணருமாறு அமைப்பது. பத்து வயதுச் சிறுவன் வாழ்க்கைத் தத்துவம் பேசினால் முன்னம் கெட்டுவிடுகிறது. நெஞ்சடைத்துக் கிடப்பவன் அரைப்பக்கம் பேசிவிட்டு உயிர்விட்டாலும் அது கெட்டுவிடுகிறது. உரையாடற் கலையைப் பற்றி இக்காலத்தில் வெளிவரும் நூல்கள் பல பக்கங்களில் விளக்கும் செய்தியை இந்த ஆறு சொற்கள் அடக்கி நிற்கின்றன.

யாருடைய பேச்சு ஏட்டில் ஏறலாம்?

இந்த அளவில் எல்லாரும் உடன்படுவர். கருத்து வேற்றுமை தோன்றுவது அடுத்த படியில். எந்த மொழியில் பேசவைப்பது? ஏட்டுத் தமிழிலா, வீட்டுத் தமிழிலா?

தமிழ் நாவலின் தொடக்கமாகிய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வெளிவந்தது. 1893இல் ‘விவேக சிந்தாமணி’ இதழில் தொடராக வரத்தொடங்கிய ராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ வீட்டுத் திண்ணையிலும் அடுக்களையிலும் வழங்கிய பேச்சை ஏட்டுக்குக் கொண்டுவந்தது. பின்னர்ப் புதுமைப்பித்தன் திருநெல்வேலிப் பேச்சைத் தம் கதைகளில் உலவவிட்டார்.

நம் நாட்டில் இத்துறையில் நான் பெரிதும் மதிப்பவர் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை. பழஞ்சாசனங்களின் தமிழை ஆராய்ந்து லண்டன் பல்கலைக்கழகத்திலே கலாநிதிப் பட்டம் பெற்றவர். இலங்கைப் பல்கலைக்கழகத்திலே தமிழ்ப் பேராசிரியராய் விளங்கியவர். அத்தகைய பண்டிதர் 1940இல் ‘நானாடகம்’ என்னும் நூலையும் 1952இல் ‘இரு நாடகம்’ என்னும் நூலையும் வெளியிட்டபோது, அவற்றின் மாந்தரை யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழிலேயே பேசவைத்தார். கல்வெட்டைப் படித்தவருக்குத்தான் வாய்மொழியின் மதிப்பு நன்கு விளங்கும் போலும். கல்லில் வெட்டப்பட்ட சொற்களிலும் அக்காலப் பேச்சின் சாயல் படிந்திருப்பதை அவர் கண்டவரன்றோ?

ஆனால், உடையார் வீட்டுப் பேச்சு மேடையேறியதுபோல் ஒடுக்கப்பட்டோர் வீட்டுப் பேச்சு எளிதில் ஏடேறிவிடவில்லை. 1954இல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தைச் சார்ந்த பலர், உழைக்கும் மக்களையும் சாதியால் ஒதுக்கப்பட்டவரையும் கதைகளின் நடுவிடத்தில் நிறுத்தினர். யாழ்ப்பாணத்திலே சிகை திருத்தும் நிலையம் நடத்திய டொமினிக் ஜீவாவின் ‘தண்ணீரும் கண்ணீரும்’ சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. கே. டானியல், எஸ். பொன்னுத்துரை முதலியோரும் மக்களின் வாய்மொழியைத் துணிந்து கையாண்டனர். 1960களின் தொடக்கத்தில் மரபுவழி நின்ற அறிஞர் சிலர் இதனை ‘இழிசனர் வழக்கு’ என்று கூறி எதிர்த்தனர். மொழி கெட்டுவிடும் என்பது அவர்கள் அச்சம். மறுபக்கத்திலே, ஈழத்துக் கதைகளைப் படிக்க அடிக்குறிப்பு வேண்டும் என்ற குரலும் தமிழ்நாட்டிலிருந்து கேட்டது.

அந்த விவாதம் பழங்கதையாகிவிட்டது. 1966இல் வந்த பொன்னுத்துரையின் ‘சடங்கு’, 1968இல் தமிழ்நாட்டில் வந்த நீல பத்மநாபனின் ‘தலைமுறைகள்’, 1972இல் வந்த டானியலின் ‘பஞ்சமர்’ ஆகிய நாவல்களை இன்று எவரும் மொழியைக் கெடுத்தவை என்று ஒதுக்குவதில்லை. மொழி கெட்டுவிடும் என்று அஞ்சியவர்கள் மொழிமீது அன்பில்லாதவர்கள் அல்லர். ஆனால், ஒரு மனிதனைக் கதைக்குள் அழைத்துவிட்டு, உன் நாக்கை மட்டும் வாசலில் வைத்துவிட்டு வா என்று சொல்வது அவனை அழையாததற்கே ஒப்பாகும். அதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

ஒரு சொல், மூன்று வீடு

நான் வாழும் முன்னேஸ்வரம் சிலாபம் பட்டினத்துக்கு அண்மையில் உள்ளது. முன்னைநாதப் பெருமானும் வடிவாம்பிகை அம்மையும் எழுந்தருளியிருக்கும் இத்தலத்துக்கு, 15ஆம் நூற்றாண்டிலே கோட்டையிலிருந்து ஆண்ட ஆறாம் பராக்கிரமபாகு மன்னன் மானியம் வழங்கியமை சாசனத்தால் அறியப்படுகிறது. இன்றும் மகோற்சவ காலத்தில் ஏறக்குறைய நான்கு வாரங்கள் கோயில் வீதியில் நிற்பவர்களில் பெருந்தொகையினர் சிங்கள மக்களே. உரையாடலைக் கற்க விரும்பும் ஒருவனுக்கு இதனினும் சிறந்த பள்ளிக்கூடம் கிடைப்பது அரிது. அருச்சனைத் தட்டு விற்கும் தமிழ்ப் பெண் “நங்கி” என்று அழைக்கிறாள். வாங்கவரும் சிங்களப் பெண் “அக்கா” என்று விடை தருகிறாள். அக்கா என்னும் சொல் இரு மொழிக்கும் பொது. விலை பேசுவது ஒரு மொழியில். சாமியிடம் முறையிடுவது மற்றொரு மொழியில்.

‘தாத்தா’ என்னும் ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் வீட்டிலே அது பாட்டனாரைக் குறிக்கும். சிங்கள வீட்டிலே தந்தையைக் குறிக்கும். இந்நாட்டு முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றிலே அக்காளைக் குறிக்கும். “தாத்தா வந்தாச்சா?” என்று ஒரு சிறுவன் கேட்பதாக எழுதினால், அவன் எந்த வீட்டு முற்றத்தில் நிற்கிறான் என்பதும் எழுதப்பட்டுவிடுகிறது. உறவுமுறைச் சொல் ஒன்றைச் சரியாகப் பயன்படுத்துவது இரண்டு பந்தி வருணனைக்குச் சமம்.

யாழ்ப்பாணத்துப் பேச்சிலே நீ, நீர், நீங்கள் என்று முன்னிலை மூன்று படியாக நிற்கும். நேற்றுவரை ‘நீர்’ என்று அழைத்த மாமனார் இன்று ‘நீ’ என்றால், குடும்பத்தில் புயல் வீசத் தொடங்கிவிட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டா. அங்கே உகரச் சுட்டும் இன்னும் உயிரோடிருக்கிறது. ‘இது’ என்னருகில் உள்ளது; ‘அது’ தொலைவில் உள்ளது; ‘உது’ உன்னருகில் உள்ளது. “உதென்ன கையில?” என்ற கேள்வியிலே பேசுபவர் எங்கே நிற்கிறார், பொருள் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அடங்கிவிடும். தமிழ்நாட்டுப் பேச்சு இழந்துவிட்ட செல்வம் இது.

எங்கள் மேற்குக் கரையிலோ வேறொரு விந்தை உண்டு. தெற்கே நீர்கொழும்பு மீனவர் பேசும் தமிழை இந்த நூற்றாண்டிலே மொழியியலாளர் ஆராய்ந்துள்ளனர். நான், நீ, அவன் என எவர் செய்தாலும் வினைச்சொல் பெரும்பாலும் ஒரே வடிவத்தில் நிற்கிறது என்று அவர்கள் காட்டியுள்ளனர். பேச்சுச் சிங்களத்தின் வினையமைப்பு அத்தமிழுக்குள் குடிபுகுந்திருக்கிறது. இலக்கண ஆசிரியர் இதனைப் பிழை என்று சிவப்பு மையால் கோடிடுவார். கதாசிரியன் கோடிடலாகாது. இரண்டு மொழிகள் தலைமுறை தலைமுறையாக ஒரே படகில் கடலுக்குச் சென்று திரும்பிய வரலாறு அந்த ஒரு வினைச்சொல்லில் இருக்கிறது. வடக்கே உடப்புக் கரையிலே கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடல்களில் ஒலிக்கும் தமிழுக்கும் இதுபோன்ற தனி வரலாறு உண்டு.

பாட்டியும் கடலும்

சில ஆண்டுகளுக்கு முன் கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த மாணவி ஒருத்தி கதை எழுதிக் கொடுத்தாள். கடலுக்குப் போன மகன் பொழுதுபட்டும் திரும்பாமையால் கரையிலே காத்திருக்கும் ஒரு கிழவியைப் பற்றிய கதை. “இறைவா! என் மைந்தன் எப்பொழுது கரை சேர்வானோ?” என்று கிழவி புலம்பினாள்.

“பிள்ளை, இது உம்முடைய பாட்டியின் கதையா?” என்று கேட்டேன்.

“ஓம், சேர்.”

“அவர் இப்படித்தான் பேசினாரா?”

சிறிது நேரம் தலைகுனிந்து நின்றாள். “இல்ல, சேர். அவ கடலைத்தான் ஏசினவ.”

“கடலை ஏசினாரா! என்ன சொல்லி?”

“அதை எழுதினாச் சிரிப்பாங்க, சேர்.”

‘இழிசனர் வழக்கு’ என்னும் தொடரை அந்தப் பெண் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. ஆயினும் 1960களில் பண்டிதர் சிலர் எழுப்பிய தடை அந்தச் சிறுபெண்ணின் நெஞ்சுக்குள் அப்படியே நின்றுகொண்டிருந்தது. தன் வீட்டுப் பேச்சு ஏட்டில் ஏறத் தகுதியற்றது என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. ஆனாலும் அவள் கற்றுக்கொண்டுவிட்டாள். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், பாட்டி சொன்னபடி எழுதிவாரும் என்றேன். மறுவாரம் எழுதி வந்தாள். அதிலே கிழவி, அயல்வீட்டுப் பெண்ணோடு வேலிச்சண்டை பிடிப்பதுபோலக் கடலோடு சண்டை பிடித்தாள்:

“ஏய், உனக்குக் கேக்குதா? காலையில உன்னட்டத்தானே விட்டன். இருட்டிப்போச்சு. எங்க என்ட புள்ள? சோறு ஆறுது.”

வகுப்பிலே அதனைப் படிக்கச் செய்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. படித்து முடிந்ததும் பின்வரிசையிலிருந்த மாணவன் ஒருவன், “மகன் வந்திட்டாரா?” என்று கேட்டான். கதை எழுதுபவர் பெறக்கூடிய பரிசுகளில் இதற்கு மேலானது ஒன்று உண்டென்று எனக்குத் தோன்றவில்லை.

பின்னொரு நாள் அவள் சொன்ன செய்தி என்னை இன்னும் சிந்திக்க வைத்தது. அவளுடைய தம்பி தங்கையர் விளையாட்டுத் தோழருடன் சிங்களத்திலேயே பேசிப் பழகிவிட்டார்களாம். பாட்டியின் சொற்கள் பல அவர்களுக்கு விளங்குவதில்லையாம். சிங்களம் கற்பது நன்மையே. அதில் குறை காண்பதற்கில்லை. இந்தக் கரையிலே தமிழ் பேசிய குடும்பங்கள் பல, ஒரு நூற்றாண்டுக்குள் சிங்களம் பேசும் குடும்பங்களாக மாறியதை எல்லாரும் அறிவோம். ஆனால், அந்தக் கிழவியின் பேச்சை எந்த அகராதியும் ஏற்றுக்கொள்ளவில்லை; எந்தப் பாடநூலும் அச்சிடவில்லை. பேத்தி எழுதிய ஆறு பக்கக் கதை ஒன்றே அதற்குக் கிடைத்த ஏடு. உரையாடலை நன்றாக எழுதுவது வெறும் கதைத் தொழில்நுட்பம் என்று நான் எண்ணாமைக்குக் காரணம் இதுதான்.

எழுதுவோர்க்குச் சில சொல்

வாய்மொழியை எழுதுவது என்றால் காதில் விழுந்ததையெல்லாம் அப்படியே எழுதுவதன்று. பஸ் வண்டியிலே இருவர் அரைமணி நேரம் பேசுவதை முழுவதும் எழுதினால் வாசகர் அடுத்த தரிப்பிலேயே இறங்கிவிடுவார். உண்மைப் பேச்சிலே வீணான சொல் மிகுதி. அதிலிருந்து பொறுக்கி எடுத்த சில மணிகளே கதைப் பேச்சு.

இரண்டாவது, எழுத்தைச் சிதைப்பதால் மட்டும் பேச்சு மொழி வந்துவிடாது. சொல்லுக்குச் சொல் ஒலியைத் திரித்து எழுதினால் வாசகர் எழுத்துக்கூட்டியே களைத்துப்போவார். ஓரிரு ஒலிகளை மாற்றினால் போதும். மண்ணின் மணம் பெரும்பாலும் சொற்றேர்விலும் வாக்கிய ஒழுங்கிலும் இருக்கிறது. ‘எல்லோ’, ‘தானே’, ‘பாருங்கோ’ என்னும் சிறு சொற்கள் தத்தம் இடத்தில் விழுந்தால் மற்றவை தாமே ஒலிக்கும்.

மூன்றாவது, என்று கூவினான், என்று கர்ஜித்தான், என்று இடித்துரைத்தான் என ஒவ்வொரு பேச்சுக்கும் ஒவ்வொரு வினை தேட வேண்டியதில்லை. ‘என்றான்’ என்னும் எளிய சொல் எவருடைய கண்ணையும் உறுத்தாது. பேச்சிலேயே கோபம் இருந்தால் கர்ஜனை எதற்கு? பேச்சிலே கோபம் இல்லையாயின் கர்ஜித்துப் பயன் என்ன?

நான்காவது, கேட்ட கேள்விக்கு நேரே விடை சொல்லும் வழக்கம் நீதிமன்றத்தில்தான் உண்டு. அங்கும் எப்பொழுதும் அன்று. வீட்டிலே கேள்விக்கு எதிர்க்கேள்வி வரும். வேறு பேச்சு வரும். சில வேளை மௌனம் வரும். விடை வரவேண்டிய இடத்தில் வராமற் போவதே சிறந்த விடையாக அமைவதுண்டு.

இறுதியாக, எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு இடறும் இடத்தில் பேனாவும் இடறியிருக்கிறது. இயலுமாயின் யாருடைய பேச்சை எழுதினீர்களோ அவருக்கே படித்துக் காட்டுங்கள். ஒலிப்பதிவு செய்ய இக்காலத்தில் ஒவ்வொருவர் கையிலும் கருவி உண்டு. ஆனால், கருவி கேட்டதைச் சேமித்து வைக்கும். சொன்னவர் நெஞ்சில் சொல்லாமல் எஞ்சியதை மனிதக் காதுதான் கேட்க வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மாலையிலே உங்கள் வீட்டுத் திண்ணையில் பாட்டியோ பாட்டனாரோ இருப்பாராயின், அருகில் சென்று சிறிது நேரம் அமருங்கள். கேள்விகளை அடுக்க வேண்டா. அவர் பேசட்டும். பிறகு உள்ளே சென்று, நினைவில் நிற்கும் நான்கு வரிகளை அவர் சொன்னபடியே எழுதிவையுங்கள். திருத்தாமல் வையுங்கள்.